குழாயடிக் கணக்கு

யுவராணியை முதலில் பார்த்த அன்று எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு அவளைப் பற்றி நான் சொல்லப்போவதை யாரும் முகஸ்துதி என்று நினைத்துவிடக் கூடாது. நான் லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை. முப்பது வருடமாகச் சர்வேக்களுக்குக் கேள்வித்தாள் எழுதிப் பிழைத்தவன். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் பதில் எந்தக் கட்டத்தில் விழும் என்று பார்க்கிற புத்தி எனக்கு.

மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை, பதினெட்டு வயதுக்கு மேல் முப்பதுக்குள் இருப்பவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், செய்யாதவர்கள் ஏன் செய்யவில்லை, அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் இளைஞர்களுக்கான பயிற்சி மையம் எந்த ஊருக்கு, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று அரசு முடிவு செய்யும். ஆய்வு நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து நான் வந்திருந்தேன். உள்ளூரில் படித்த பன்னிரண்டு பேரைச் சர்வேக்கு எடுத்திருந்தோம்.

“கேள்வியை அச்சில் இருக்கிற மாதிரியே வாசிக்கணும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், பதில் சொல்றவங்க பக்கத்துல யார் யார் நிக்கிறாங்கன்னு எழுத இதுல இடம் இல்லீங்களே?”

“அது எதுக்கும்மா?”

“ஆள் நின்னா ஒரு பதில் வரும் சார். நிக்கலன்னா வேற பதில் வரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். டீ வருகிற நேரம் வேறு. “முதல்ல இருக்கிற கேள்வியைக் கேட்டுப் பழகு” என்று உட்கார வைத்துவிட்டேன். அவளும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்துகொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் என் குணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. அஞ்சல் வழியில் பி.காம். முடித்திருந்தாள். அப்பா செல்லப்பன் சென்னையில் ஏதோ அபார்ட்மெண்டில் வாட்ச்மேன், மாதம் ஒரு தடவை வந்து போவார். அம்மா கொளஞ்சியம்மாள் இருபத்திரண்டு வருடமாக உப்பளத்தில் கூலி. விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

“படிப்பு முடிஞ்சு இத்தனை வருஷம் என்ன செஞ்ச?”

“வீட்டுலதான் சார் இருந்தேன்.”

வீட்டில் இருந்த பெண்ணின் குதிகால் ஏன் அப்படி வெடித்திருக்கிறது, கால் விரல் இடுக்கில் ஏன் அவ்வளவு வெள்ளைத் தழும்பு என்று நான் கேட்கவில்லை. கண்ணில் பட்டது. ஆனால் கேள்வித்தாளில் கால்களுக்குக் கட்டம் கிடையாது.

வேலை என்று வந்ததும் அவள்தான் முதல். மற்றவர்கள் ஒரு நாளில் ஐந்து வீடு முடித்தால் இவள் எட்டு முடிப்பாள். எதையும் விட்டுவிட்டு வரமாட்டாள். கூட வேலை பார்த்த ஆஸிஃபா என்னிடம், “சார், அவ போனா எல்லா வீட்டுலயும் தண்ணி குடுக்கறாங்க, எனக்கு கதவே தொறக்க மாட்றாங்க” என்று புகார் சொன்னாள். அதைப் புகார் என்றா சொல்வது?

மூன்றாவது வாரம் சென்னையில் உட்கார்ந்து, அதுவரை வந்த ஃபாரங்களைத் தொகுத்துப் பார்த்தேன். உப்பளக் குடியிருப்புகளின் அட்டவணை என்னைத் துள்ளவைத்தது. முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் இருநூற்றுச் சொச்சம் பேரில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் ஒன்பதே பேர். ஆனால் அவர்களுடைய அம்மாக்கள் கிட்டத்தட்ட எல்லாரும் போகிறார்கள். ஐம்பது வயதுப் பெண்கள் உப்பு வாருகிறார்கள், இருபது வயதுப் பெண்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். ‘புதிய தலைமுறை உப்பை விட்டு வெளியேறிவிட்டது’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தேன். பெருமை தாங்காமல் சர்வே குழுவின் வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

பதினோரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். யுவராணி ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது.

“சார், நீங்க போட்ட அந்த வரி தப்பு சார்.”

“தப்பா? அந்தத் தெருவெல்லாம் நீதானே போய்க் கேட்டுட்டு வந்த?”

“ஆமா சார். அவங்க சொன்னத அப்படியே எழுதினேன். அவங்க சொன்னதே தப்பு.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நேர்ல வாங்க சார். இத போன்ல சொல்ல முடியாது.”

முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். முதல் நாளே வந்து தங்கச் சொல்லியிருந்தாள். விடிகிற நேரத்தில் உப்பளத்துக்குப் போகும் மண் பாதையின் முனையில் இருந்த டீக்கடையில் என்னை உட்கார வைத்தாள். பாதைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கூடியிருந்தார்கள். மேஸ்திரி தங்கராசு கையில் நோட்டுடன் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அருக்காணி!”

“இருக்கேங்க” என்று கை தூக்கியது இருபது வயதுகூட இராத ஒரு பெண். அருக்காணி என்று யாராவது இப்போது பெண்ணுக்குப் பேர் வைக்கிறார்களா என்று யோசித்தேன். அடுத்த பேர். மறுபடியும் சின்னப் பெண். அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாம் கிழவிகளின் பேர்கள், கை தூக்குவதெல்லாம் குமரிகள். ஏழாவது பேரில் எனக்குப் புரிந்துவிட்டது. டீ ஆறிப்போய்க் கையிலேயே இருந்தது.

“நான் நாலு வருஷம் கொளஞ்சியம்மாவா இருந்தேன் சார்” என்றாள் யுவராணி.

பிறகு நிதானமாகச் சொன்னாள். அம்மாவின் காலில் புண் வந்து ஆறாமல் போயிற்று. உப்புத் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மேஸ்திரி நோட்டில் பேர் போனால் போனதுதான். இருபத்திரண்டு வருடம் வேலை செய்ததற்கு அந்தப் பேர்தான் சாட்சி. நலவாரிய அட்டை, மழைக்காலத்தில் வரும் உதவி, வயதான பிறகு வரப்போவது எல்லாம் அதில் தொங்குகிறது. புதுப் பேர் சேர்க்க அங்கே இடம் இல்லை. அதனால் அம்மா வீட்டில் இருப்பாள், மகள் போய் அம்மாவின் பேருக்குக் கை தூக்குவாள். இப்போது சர்வே முடியும்வரை அவளுக்குப் பதில் சித்தி மகள் ஒருத்தி தூக்குகிறாள். தங்கராசு மேஸ்திரிக்கும் தெரியும். அவருக்கு முப்பது பேருக்கு முப்பது ஆள் வந்தால் போதும்.

“வெளியாளு யார் வந்து கேட்டாலும் வீட்டுல ஒரே பதில்தான் சார். அம்மா வேலைக்குப் போறாங்க, பொண்ணு சும்மா இருக்குது. எங்க வீட்டுக்கு ஆஸிஃபாதான் வந்தா. அவகிட்ட நானும் அதையேதான் சொன்னேன்.”

“அப்போ நீ எழுதிட்டு வந்த ஃபாரம் எல்லாம்?”

“எந்த வீட்டுல பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். நீங்கதான் ஒரு சொல்லு கூட்டக் கூடாதுன்னு சொன்னீங்களே.”

கேலி மாதிரிதான் ஆரம்பித்தாள். முடித்ததும் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைக் கை காட்டினாள்.

“சார், இந்தப் பொண்ணுங்க யாருமே இல்லன்னு நீங்க எழுதிட்டா மையம் வேற ஊருக்குப் போயிடும். இங்க வந்தாலும் வீட்டுல சும்மா இருக்கறவங்களுக்குன்னு காலைல ஒன்பது மணிக்குத் தொறப்பாங்க. அப்ப இவங்க அளத்துல நிப்பாங்க. உண்மைய பேரோட எழுதினீங்கன்னா அத்தன அம்மா பேரையும் அடிச்சிடுவாங்க. எங்கம்மா பேரும் அதுல ஒண்ணு. ரெண்டும் வேணாம் சார். நடுவுல ஏதாவது வழி இருந்தா பாருங்க. நான் இத உங்ககிட்ட சொன்னதே அம்மாவுக்குத் தெரியாது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை நம்பிச் சொல்லும்படி நான் அவளுக்கு ஒன்றும் செய்ததில்லை. முதல் நாள் எழுந்து நின்றவளை உட்காரவைத்தவன்தான் நான். அந்தக் காலையில் அவள் என் கையில் கொடுத்தது அவள் அம்மாவின் இருபத்திரண்டு வருடத்தை. முன்பின் யோசிக்காமல் கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் யோசித்திருப்பாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அம்மாகிட்ட போய்ச் சொல்லிடுவோம். மறைக்க வேணாம்” என்றேன்.

கொளஞ்சியம்மாள் காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் டிவியை அணைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மகளைத்தான் திட்டினார்.

“ஏன்டி, நான் உன்ன இதுக்கா படிக்க வெச்சேன்? எழுதறவங்ககிட்டயே போய்ச் சொல்லிட்டு வந்து நிக்கற?” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், அந்த நோட்டுல இருக்கற பேரு மட்டும்தான் சார் என்னுது. வீடு அவரு பேர்ல இருக்குது. ரேஷன் கார்டுல கூட போட்டோ தெரியல.”

“உங்க பேரை நான் எங்கயும் எழுத மாட்டேங்க” என்றேன்.

“எழுத மாட்டேன்னுதான் எல்லாரும் எழுதறாங்க” என்றார். ஆனாலும் ஒரு தம்ளரில் கலர் ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் எடுத்து வைத்தேன். ரகசியமாகக் கேட்பதற்கென்றே புத்தகங்களில் முறைகள் இருக்கின்றன. பதில் சொல்பவர் நமக்குக் காட்டாமல் காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், தலை விழுந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அப்போது யார் பதில் எது என்று கேட்பவருக்கே தெரியாது. இதை நான் விளக்கி முடித்ததும் யுவராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“காசு சுண்டற ஆள எங்க தெருவுல யார் சார் நம்புவாங்க?”

“சரி, நீயே சொல்லு.”

“வீட்டுக்கே போவ வேணாம் சார். வீட்டுல போய் நின்னா வீட்டுக்கு உண்டான பதில்தான் வரும். பத்தரை, பதினோரு மணிக்கு அளம் விட்டு வர்றவங்க எல்லாரும் குழாயடியில கால் கழுவிட்டுத்தான் உள்ள போவாங்க. உப்புக் காலோட யாரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. அங்க வந்து நிக்கற காலு வேலைக்குப் போன காலு. அதுக்கு மேல என்ன கேள்வி? பேரு வேணாம், வீட்டு நம்பர் வேணாம். வயசு, படிப்பு, என்ன வேணும். அவ்ளோதான்.”

நான் முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன், ஜனங்கள் தினமும் தாங்களாகவே வந்து நிற்கிற இடத்தில் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. எப்போதும் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறேன்.

சென்னையில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு எண் இல்லாத ஃபாரம் செல்லாது என்பது விதி. அந்த விதியைப் பத்து வருடம் முன்பு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நானே. “விஜயகுமார் சார், நீங்களே இப்படிப் பேசினா எப்படி?” என்று கேட்டார்கள். நான் எழுதினதை நான்தான் கிழிக்கிறேன் என்று கத்தினேன். மேஜையைத் தட்டினேன் என்றும் சொல்கிறார்கள், எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில், தனி அத்தியாயமாகப் போடலாம், தெருப் பெயர் வரக் கூடாது என்று இறங்கி வந்தார்கள்.

யுவராணி மூன்று வாரம் குழாயடிகளில் உட்கார்ந்தாள். அச்சடித்த ஃபாரத்தை எடுத்துப் போகவில்லை. அதன் முதல் வரியே பேரும் இடமும் கேட்கும். ஒரு அட்டையில் காகிதம் சொருகி எடுத்துப் போனாள். முதல் இரண்டு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைக் காட்டினாளாம். “இதுவும் அளத்துக் காலுதான். நாலு வருஷம்.” அதன் பிறகு வரிசை கட்டி நின்றார்கள் என்று ஆஸிஃபா சொன்னாள். பார்த்தவள் அவள்தான், தண்ணீர் அடித்துக் கொடுக்கக் கூடப் போயிருந்தாள்.

கால் கழுவ வந்த பெண்களில் பாதிக்கு மேல் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். என் அழகான வரியை நானே அடித்தேன். அடிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தக் காகிதங்களில் இருந்த ஆசைகள் நான் எதிர்பார்த்தவை இல்லை. எல்லாரும் உப்பை விட்டு ஓட வேண்டும் என்பார்கள் என்று நினைத்தேன். ஓட நினைத்தவர்கள் இருந்தார்கள். ஆரோவில் பக்கம் தையல் யூனிட்டுக்குப் போக ஒருத்தி, நர்ஸிங் படிக்க ஒருத்தி. ஆனால் பலர் கேட்டது ரப்பர் பூட்ஸ். அம்மாவின் அளவில் இருக்கிறது, தன் கால் அதில் ஆடுகிறது என்று ஒரு பெண் சொல்லியிருந்தாள். வகுப்பு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வேண்டும் என்று எல்லாருமே சொல்லியிருந்தார்கள். ஒரு காகிதத்தில் யுவராணியின் குண்டு எழுத்தில், ‘வயது 19, பத்தாவது, என்ன வேண்டும்: என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்’ என்று இருந்தது. அந்தக் காகிதத்தை நான் பல நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

அறிக்கை போயிற்று. இந்த மாதிரி அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரிக்குத்தான் போகும். இது எப்படியோ பிழைத்தது. ஏழு மாதம் கழித்து மையம் மரக்காணத்துக்கே என்று முடிவாயிற்று, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து. அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. அதிகாரிகளும் உப்பள முதலாளிகளும் உட்கார்ந்து பேசி, அம்மா பேரை அடிக்காமல் மகள் பேரையும் நோட்டில் சேர்க்கலாம், பழைய வருடங்கள் அம்மாவுக்கே இருக்கும், இதுவரை மாற்றி நின்றதைப் பற்றி யாரையும் கேட்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். யுவராணிக்கு நான் போன் செய்து சொன்னேன். அவள் போனை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். கொளஞ்சியம்மாள், “எழுதலையே சார் நீங்க, நெஜமாவே எழுதலையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

புத்தகமாக அச்சடிக்கும்போது நன்றி சொல்லும் பக்கத்துக்குப் பேர்கள் கேட்டார்கள். முதல் பேர் யுவராணி என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

“எங்கம்மா பேரு போடுங்க சார்.”

“அம்மா சர்வே எடுக்கலையேம்மா.”

“நாலு வருஷம் நான் செஞ்ச வேலையெல்லாம் அவங்க பேர்லதான் இருக்குது. இது மட்டும் ஏன் மாத்தணும்? அந்தப் பேருதான் சார் என்ன காலேஜ் ஃபீஸ் கட்ட வெச்சுது. அதுக்கு நான் வேற எப்படி நன்றி சொல்றது?”

வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பேர் என்பதால் கொளஞ்சியம்மாளிடமும் கேட்டேன், தலையாட்டினார். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அவள் சொன்னபடியே போட்டேன்.

மையம் திறந்த அன்று அதே கல்யாண மண்டபத்தில் கூட்டம். முதல் வரிசையில் தங்கராசு மேஸ்திரி வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அருக்காணி என்ற பேருக்குக் கை தூக்கிய பெண்ணும் வந்திருந்தாள். அவள் பேர் பூஜா என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வந்திருந்த அதிகாரி புத்தகத்தைத் திறந்து, களப்பணி செய்தவர்களுக்கு நினைவுப் பரிசு கொடுக்கப் பேர் கூப்பிட்டார்.

“கொளஞ்சியம்மாள்!”

“இருக்கேங்க!”

மண்டபத்தின் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு குரல் வந்தது. பெண்கள் வரிசையில் கொளஞ்சியம்மாள் கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்து நின்றார். கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த யுவராணி, பழக்க தோஷத்தில் கையைத் தூக்கியபடி நின்றாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கராசு மேஸ்திரி திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அதிகாரி குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். “இதுல யாருங்க கொளஞ்சியம்மாள்?”

கேள்வி கேட்பதுதான் என் தொழில். பதில் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் இந்தப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

“ரெண்டு பேரும்தான் சார்” என்றேன்.